நாவலாசிரியனின் முதற்படி

ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்து வீழும் காவிரி, சிறிது தொலைவு சென்றதும் தன் ஆரவாரம் அடங்கி, கடல்போல் பரந்து நிற்கின்றது. அதுவே மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். அதன் கிழக்குப் புறத்தே, தருமபுரி மாவட்டத்தின் மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது ஏரியூர். மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளைவிக்கும் பகுதி அது. ஏரியூரை அடுத்த நாகமறையில் நின்று நோக்கினால், நீர்ப்பரப்பிற்கு அப்பால் பண்ணவாடி தெரியும். இவ்விரு கரைகளையும் இணைப்பது நீர்வழியே.

கோடையில் நீர் மிகத் தாழும்போது அங்கே ஒரு காட்சி தோன்றும். பண்ணவாடியை அடுத்த நீர்ப்பரப்பில், பழைய சிவன் கோயிலின் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் சிறிது சிறிதாக வெளிப்படும். அணை எழுந்தபோது நீருள் அமிழ்ந்த ஊர்களின் எச்சங்கள் அவை. அவற்றைக் காணும் சிறுவன் ஒருவன், “அங்கே என்ன இருந்தது, தாத்தா?” என்று வினவுகின்றான் என்று கொள்வோம். “ஊர் இருந்தது” என்று விடை வருகின்றது. விடை இரண்டே சொற்கள்தாம். ஆனால் அவ்விரு சொற்களுக்குள் வீடுகளும் களத்துமேடுகளும் அடங்கியுள்ளன. திருமணங்களும் கடன்களும் பங்காளிப் பூசல்களும் அடங்கியுள்ளன. வண்டியில் பண்டபாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தவாறு சென்றோரின் துயரமும் அடங்கியுள்ளது. இவ்வளவையும் விரித்துரைக்கும் ஆற்றல் வாய்ந்த இலக்கிய வகை ஒன்று உண்டு. அதுவே நாவல். அதனைப் புதினம் என்றும் கூறுவர்.

மேட்டூர் அணையின் பணி 1925ஆம் ஆண்டில் தொடங்கி 1934ஆம் ஆண்டில் முடிவுற்றது என்றும், அதன் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றும் வரலாற்று நூல் கூறும். அது கூறுவன யாவும் உண்மையே. எனினும், புகுந்த வீட்டிற்கு வந்து ஓராண்டும் நிரம்பாத மணமகள் ஒருத்தி, அவ்வீட்டை நீருக்கு விட்டுச் செல்கையில் என்ன நினைத்தாள் என்பதனை வரலாறு கூறாது. அதனைக் கூற வேண்டியவன் நாவலாசிரியன். அங்ஙனமாயின், நாவல் எழுத விழைபவன் எங்கிருந்து தொடங்குதல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண, இதே காவிரியின் வழியே கீழ்நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

மாயூரத்து முனிசீப்பு

சோழ நாட்டில், காவிரிக் கரையில் உள்ள மாயூரத்தில், சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் முனிசீப்பாக விளங்கியவர் வேதநாயகம் பிள்ளை. அவர் 1826ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் பிறந்தார்; இளமையிலேயே தமிழும் ஆங்கிலமும் கற்றார்; திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் அமர்ந்தார்; பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்; அதன்பின் முனிசீப்பு பதவி பெற்றுத் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் முதலிய ஊர்களில் நீதி வழங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நெருங்கிய நண்பர் அவர். நீதிநூல், பெண்மதிமாலை, சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்பன அவர் இயற்றிய செய்யுள் நூல்களும் இசைப்பாடல் நூலும் ஆகும்.

இத்தகைய புலவர் 1879ஆம் ஆண்டில், தம் ஐம்பது வயதைக் கடந்த பின்னர், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் உரைநடைக் கதையை வெளியிட்டார். உரைநடையில் எழுந்த முதல் தமிழ் நாவல் அதுவே என்பர். தமிழில் அவர் பார்த்து எழுதுவதற்கு முன்மாதிரி ஒன்றும் இல்லை. பண்டைத் தமிழில் உரைநடை பெரும்பாலும் செய்யுளுக்கு விளக்கம் கூறும் உரையாகவே வழங்கிற்று. கதை கூற விழைந்தோர் காப்பியம் பாடினர். இன்றேல் வாய்மொழியாகக் கூறினர். அச்சகம் நடத்தும் உரிமை இந்நாட்டு மக்களுக்கு 1835ஆம் ஆண்டில் கிடைத்த பின்னரே, நூல்கள் மிகுதியாக வெளிவரத் தொடங்கின. செய்யுள் பயிலாதவரும் படிக்கத்தக்க நூல் வேண்டும் என்னும் தேவையும் எழுந்தது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைப் போக்குவதே தம் நோக்கம் என்று வேதநாயகம் பிள்ளை தம் நூலின் முகவுரையில் தெரிவித்தார்.

அந்நாவலின் தலைவன் பிரதாபன், தலைவி ஞானாம்பாள். கணவனைப் பிரிய நேர்ந்த ஞானாம்பாள், ஆண் உடை தரித்துச் சென்ற இடத்தில் அரசுரிமை எய்தி, செங்கோல் செலுத்துகின்றாள். தமிழ் வழங்கும் நாட்டின் நீதிமன்றங்களில் தமிழே வழங்குதல் வேண்டும் என்னும் கருத்தும் அக்கதையினூடே வலியுறுத்தப்படுகின்றது. இடையிடையே சிறு கதைகளும் நகைச்சுவைத் துணுக்குகளும் விரவி வருகின்றன. அவை மிகுதியாதலின் கதையின் ஓட்டம் தடைப்படுகின்றது என்றும், அறவுரை நீண்டுவிடுகின்றது என்றும் திறனாய்வாளர் குறை கூறுவர். அக்குறை உண்மையே. ஆயினும் குறையற்ற நூலைத்தான் எழுதுவேன் என்று அவர் காத்திருந்திருப்பின், அந்நூல் பிறந்தே இராது. அவர் 1887ஆம் ஆண்டில் ‘சுகுண சுந்தரி’ என்னும் இரண்டாம் நாவலையும் எழுதினார். தொடங்கியவனுக்கே இரண்டாம் அடி உண்டு.

நீதிமன்றம் என்னும் பள்ளி

கதை எழுதும் பயிற்சியை வேதநாயகம் பிள்ளை எங்கே பெற்றார்? அதனைக் கற்பிக்கும் பள்ளி அக்காலத்தில் இல்லை. ஆனால் நாள்தோறும் அவர் அமர்ந்த நீதிமன்றமே அவருக்குப் பள்ளியாயிற்று எனலாம்.

நீதிமன்றத்திற்கு வருவோர் எவரும் கதையின்றி வருவதில்லை. அண்ணன் தம்பியர் பாகப்பிரிவினைக்கு வருகின்றனர். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் வருகின்றனர். வரப்பு வழக்கும் வாய்க்கால் வழக்கும் வருகின்றன. வாதி கூறுவதைக் கேட்கும்போது, நியாயம் முழுவதும் அவன் பக்கமே இருப்பதாகத் தோன்றும். பிரதிவாதி வாய் திறந்ததும் அத்தோற்றம் மாறும். மூன்றாமவனாகிய சாட்சி வந்து நின்றால், இருவருமே கூறாது மறைத்த ஒன்று வெளிப்படும். இம்மூவர் கூற்றையும் பொறுமையுடன் கேட்டு, யார் யாரிடம் எவ்வளவு உண்மை உள்ளது என்று நிறுத்துப் பார்ப்பதே முனிசீப்பின் தொழில். நாவலாசிரியனின் தொழிலும் அதுவேயன்றோ?

இன்னொரு பயிற்சியும் அவருக்கு வாய்த்தது. நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையால், மக்கள் அவற்றை அறிய இயலாது இடர்ப்பட்டனர். அத்தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தொகுத்து, 1862ஆம் ஆண்டில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயருடன் அவர் வெளியிட்டார். யார், எப்பொழுது, எதனால், என்ன செய்தார் என்பதை ஐயமின்றிக் கூறுவதே தீர்ப்பின் நடை. அதனைத் தமிழாக்கிய கைக்கு, கதை கூறும் உரைநடை எளிதில் வசமாயிற்று என்பதில் வியப்பில்லை.

கேள்வி அறிவுடன் இரக்கமும் அவரிடத்தே குடிகொண்டிருந்தது. 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு அவர் உணவளித்தார். அக்கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். அப்பஞ்சத்தின் சுவடு மறையும் முன்னரே அவருடைய நாவல் வெளிவந்தது.

இந்நாட்டின் பிற மொழிகளை நோக்கினும் இத்தகைய ஒற்றுமையைக் காணலாம். வங்க நாவலின் தந்தை எனப் போற்றப்படும் பங்கிம் சந்திரர் துணை மாஜிஸ்டிரேட்டாகப் பணியாற்றியவர். மலையாளத்தில் 1889ஆம் ஆண்டில் ‘இந்துலேகா’ என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய சந்துமேனோனும் ஒரு முனிசீப்பே. இவர்கள் ஆங்கிலம் கற்றவராதலின் மேலைநாட்டு நாவல்களைப் படித்திருந்தனர் என்பதும் ஒரு காரணமே. ஆயினும் அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற அலுவலர் பலர் இருந்தனர். அவர்கள் எல்லாரும் நாவல் எழுதிவிடவில்லை. நூலைப் படித்ததோடு அமையாது, தம் முன் நின்ற மக்களையும் படித்தவர்களே எழுதினர்.

மன்றம் ஏறாதவரும் கேட்டனர்

அங்ஙனமாயின் நீதிமன்றத்தில் அமர்ந்தவர்க்கே நாவல் கைவருமோ எனின், அன்று. ஆங்கில நாவலை வளர்த்தவருள் ஒருவராகிய ரிச்சர்ட்சன் அச்சுத் தொழில் செய்து வாழ்ந்தவர். சிறுவராயிருந்தபோதே அவர், எழுதும் வன்மை இல்லாத இளம்பெண்கள் சிலருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து வந்தார். அவர்கள் தம் உள்ளத்தில் உள்ளதைக் கூறுவர்; அவர் கேட்டு எழுதுவார். பல ஆண்டுகளுக்குப் பின்னர், மக்களுக்குப் பயன்படும் மாதிரிக் கடிதங்கள் அடங்கிய நூல் ஒன்றை எழுதுமாறு புத்தக வணிகர் இருவர் அவரை வேண்டினர். அக்கடிதங்களை எழுதும்போது உதித்த கருத்தே ‘பமீலா’ என்னும் நாவலாக வளர்ந்து, 1740ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பொழுது அவரும் ஐம்பதைக் கடந்தவரே.

முதுமை எய்திய பின்னரே நாவல் எழுத இயலும் என்றும் கருதற்க. மதுரையை அடுத்த வத்தலக்குண்டில் 1872ஆம் ஆண்டில் பிறந்த ராஜமையர், தம் இருபத்தோராம் வயதளவில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலை எழுதத் தொடங்கினார். ‘விவேக சிந்தாமணி’ என்னும் இதழில் 1893ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வெளிவந்த அது, 1896ஆம் ஆண்டில் நூலாயிற்று. அதில் அரசுரிமை எய்தும் தலைவி இல்லை. சிற்றூர் ஒன்றில் வாழும் குடும்பம், ஊரார் வாயில் பிறந்த வீண் அபவாதத்தால் கலங்கும் கதை அது. திண்ணைப் பேச்சும் பெண்டிர் கூடியிருந்து பேசும் வம்பும் அதில் உயிருடன் ஒலிக்கின்றன. அம்மையப்பப் பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர் அந்நூலில் வருகின்றார். அவர்தம் பேச்சையும் நடையையும் படித்துத் தமிழ்ப் பண்டிதர்களே வாய்விட்டுச் சிரிப்பர். தம்மில் ஒருவரை அங்கே அடையாளம் காண்பதே அதற்குக் காரணம். இருபத்தாறாம் வயதில் ராஜமையர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற தமிழ் நாவல் ஒன்றே. அஃது இன்றளவும் வாழ்கின்றது.

தடையும் தாய்மொழியும்

தொடக்கம் எப்பொழுதும் செவ்வையாக அமைவதில்லை. ராஜமையர் பிறந்த ஆண்டிலேயே பிறந்தவர் அ. மாதவையா. உப்பு, சுங்கத் துறையில் அலுவல் பார்த்த அவர், 1892ஆம் ஆண்டில் அதே ‘விவேக சிந்தாமணி’யில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் கதையை எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறாது இடையில் நின்றது. அதனால் அவர் மனம் தளர்ந்தாரல்லர். 1898ஆம் ஆண்டில் ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலின் முதற்பாகத்தை வெளியிட்டார். நின்றுபோன பழைய கதையையும் கைவிடாது, 1903ஆம் ஆண்டில் ‘முத்துமீனாட்சி’ என்னும் நாவலாக்கி வெளியிட்டார்.

பங்கிம் சந்திரர் முதலில் எழுதிய நாவல் ஆங்கிலத்தில் அமைந்தது. 1864ஆம் ஆண்டில் இதழ் ஒன்றில் வெளிவந்த அக்கதையோடு ஆங்கிலத்தில் நாவல் எழுதுவதை விடுத்து, அடுத்த ஆண்டிலேயே ‘துர்கேசநந்தினி’ என்னும் நாவலை வங்க மொழியில் வெளியிட்டார். நாடெங்கும் புகழ் பெற்றார். சந்துமேனோன் ஓர் ஆங்கில நாவலை மலையாளத்தில் பெயர்க்க முயன்று, அது மனத்திற்கு நிறைவளிக்காமையால் கைவிட்டார். பின்னரே தம் நாட்டு மக்களைப் பற்றித் தாமே ஒரு கதை எழுதத் துணிந்தார். பிறர் மொழியிலும் பிறர் கதையிலும் தொடங்கியோர், தம் மொழிக்கும் தம் ஊருக்கும் மீண்ட பின்னரே வெற்றி கண்டனர் என்பதனை இவ்விருவர் வரலாறும் தெரிவிக்கின்றது.

தாய்மொழி என்னும்போது, எம்மொழி என்னும் ஐயம் ஒன்று எழும். ஏட்டுத் தமிழா, வீட்டுத் தமிழா? கொங்கு நாட்டவராகிய ஆர். சண்முகசுந்தரம் 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாகம்மாள்’ இதற்கு விடை கூறும். கணவனை இழந்த வேளாண்குடிப் பெண் ஒருத்தி, குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்பதால் விளையும் இன்னல்களே அந்நாவலின் பொருள். அதில் வரும் உழவர், கொங்கு நாட்டு உழவர் பேசும் தமிழையே பேசுகின்றனர். கற்றறிந்தோர் சிலர் கொச்சை என்று ஒதுக்கும் சொற்கள், உரியவர் வாயில் உரிய இடத்தில் அமையும்போது அழகு பெறுகின்றன. ஆசிரியன் தன் கூற்றாகக் கூறுமிடத்தில் பிழையற்ற நடை வேண்டும். மாந்தர் பேசுமிடத்தில் அவரவர் நாவின் இயல்பு வேண்டும். இரண்டையும் அறிந்தவனே இரண்டையும் ஆள வல்லவன். ஆகவே இலக்கணம் கற்பதும் இன்றியமையாதது. ஊரார் பேச்சைச் செவிமடுப்பதும் இன்றியமையாதது.

பயிலும் முறை

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. கற்றலும் கேட்டலும் அறிவின் இரு கால்கள் என்பதற்கு அம்முறை வைப்பே சான்று. நாவல் எழுத விழையும் மாணவனுக்கும் இவ்விரண்டுமே தொடக்கம்.

அவன் முதலில் நல்ல நாவல்கள் சிலவற்றை ஊன்றிப் படித்தல் வேண்டும். பின்னர்த் தன் ஊரிலேயே முதியோர் ஒருவரிடம் சென்று, அவர் கூறுவதைக் குறுக்கிடாது கேட்டல் வேண்டும். கேட்டதை அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் நன்று, ஏனெனில் கருத்து மறுநாளும் நினைவில் நிற்கும், சொற்களோ நில்லா. ஒரு நிகழ்ச்சியைப் பற்றி ஒருவர் கூறியதோடு நிறைவு கொள்ளாது, அதனால் நன்மை பெற்றவரையும் தீமை உற்றவரையும் தனித்தனியே கேட்டல் வேண்டும். அதன்பின் ஒரே ஒரு மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். அப்பக்கத்தைப் படிப்பவர், அம்மனிதர் எதிரே வந்து நிற்பதுபோல் உணர்வாராயின், முதற்படி ஏறியாயிற்று. ஒரு பக்கம் பத்துப் பக்கமாகும். பத்துப் பக்கம் ஒரு கதையாகும். முந்நூறு பக்கம் எழுதுவேன் என்று கூறித் திரிபவனைக் காட்டிலும், மூன்று பக்கத்தை முடித்தவன் நாவலுக்கு அண்மையில் உள்ளான்.

கேட்டவை யாவற்றையும் அப்படியே வெளியிடுதல் முறையன்று. நம்பிக் கூறியவரின் மானத்தைக் காப்பது எழுதுபவனின் கடமை. ஆகவே பெயரையும் இடத்தையும் மாற்றி, பலரிடம் கண்ட இயல்புகளை ஒருவரிடத்தே இணைத்து, புதியதொரு மாந்தரைப் படைத்தல் வேண்டும். செய்தி அங்கேதான் கதையாகின்றது. கேட்டவன் அங்கேதான் ஆசிரியனாகின்றான்.

நீரின் இரு பக்கம்

இனி, தொடங்கிய இடத்திற்கே மீள்வோம். ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறத்தல் மரபு. நீர் போதாத ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. திறந்துவிட்ட நீர் தஞ்சை வளநாட்டின் வயல்களை நோக்கி ஓடுகின்றது. முதல் தமிழ் நாவலாசிரியர் வாழ்ந்த மாயூரத்துப் பகுதியும் அதனால் பயன்பெறுவதே. அங்குள்ள உழவர் அவ்வணையை வாழ்த்துவர், அவ்வாழ்த்து நியாயமானதே. நீர்த்தேக்கத்தின் கரையிலோ, தம் முன்னோர் உழுத நிலம் அந்நீரின் அடியில் கிடக்கின்றது என்று கூறுவோர் உளர். அவர்தம் ஏக்கமும் நியாயமானதே. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. இவ்விரு குரல்களையும் ஒருங்கே கேட்டு, இரண்டிற்கும் இடந்தந்து எழுதுபவன் எவனோ, அவனே மாயூரத்து முனிசீப்பின் வழித்தோன்றல் ஆவான்.

ஆனால் இவ்வழக்கில் சாட்சிகள் நெடுங்காலம் காத்திரார். அணை முடிவுற்ற 1934ஆம் ஆண்டில் பிறந்த குழந்தை இன்று தொண்ணூறு வயதைக் கடந்திருக்கும். பழைய ஊர்களைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே எஞ்சியிருத்தல் கூடும். அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். கோடையில் நீர் வற்றினால் நந்தி மீண்டும் தோன்றும்; கோபுரமும் தோன்றும். முதியோர் மறைந்தபின் அவர் சொற்கள் தோன்றா.

அதியமான் ஆண்ட தகடூர் நாட்டிற்குப் பண்டைப் புலவர்தம் பாடல்கள் உண்டு. அந்நாட்டின் இன்றைய எளிய மக்களின் வாழ்வு, உரைநடையில் எழுதுவோரை எதிர்நோக்கி நிற்கின்றது. ஏரியூர்ப் பள்ளியில் பயிலும் மாணவனோ மாணவியோ, தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியை நோக்கி, “அந்த ஊர் எப்படி இருந்தது, பாட்டி?” என்று ஒரு மாலைப்பொழுதில் கேட்டு, அவர் கூறி முடிக்கும் வரை எழாது அமர்ந்திருப்பாராயின், நாவலின் முதற்படி அத்திண்ணையே ஆகும்.